ஒக்ஷன் ஷீட் பார்க்கிறோம், ரீகோல் பார்க்கிறோமா?

கார் சேலுக்குள் நுழைந்தால் நாம் என்னவெல்லாம் கேட்கிறோம்? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? ஒக்ஷன் ஷீட்டில் கிரேட் நாலா, நாலரையா? பெயின்ட் ஒரிஜினலா? ரிவர்ஸ் கெமரா வேலை செய்யுதா? லீசிங் எவ்வளவு போகும்? இவ்வளவையும் கேட்டு, பொன்னட்டைத் திறந்து மூடி, பிஸ்மி சொல்லி முற்பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"இந்தச் சேசி நம்பருக்கு ஜப்பானில் ரீகோல் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்த வேலையை முடித்த பிறகுதான் கப்பலில் ஏற்றினார்களா?" என்று கேட்டவர் நம் ஊரில் எத்தனை பேர்? விற்பவரும் தானாகச் சொல்வதில்லை. ஒன்றில் அவருக்கே தெரியாது. இல்லாவிட்டால் தெரியாதது போல இருப்பது அவருக்கு வசதி.

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களும், வாங்க நினைத்து லீசிங் கம்பெனிக்கு அலைபவர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

ரீகோல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: வாகனத்தைச் செய்த கம்பெனியே "இந்த மாதிரி வண்டியில், இந்தக் காலத்தில் செய்தவற்றில், உயிருக்கு ஆபத்தான ஒரு குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள், இலவசமாகத் திருத்தித் தருகிறோம்" என்று பகிரங்கமாக அறிவிப்பது. நல்ல மனம் வந்து அறிவிப்பவர்களும் இருக்கலாம். பெரும்பாலும் சட்டம் கழுத்தில் கை வைப்பதால் அறிவிக்கிறார்கள்.

இப்போது நம் வீதியில் நாலு நிமிடத்துக்கு ஒன்று போகும் வண்டிக்கு வருவோம். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட். நாம் ஜீபீ ஃபைவ் என்று சொல்வது. அதன் கூடப்பிறந்தது வெஸல். ஃபிட் ஹைபிரிட் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2013 செப்டம்பரில். அடுத்த மாதமே முதல் ரீகோல். 2014 ஒக்டோபர் வரும்போது ஐந்தாவது ரீகோல்! பதின்மூன்று மாதத்துக்குள் ஐந்து தடவை. பிரச்சினையின் மையம் அந்த ஏழு கியர் இரட்டைக் கிளச் கியர் பெட்டியும் அதை ஆட்டுவிக்கும் மென்பொருளும்தான். 2014 பெப்ரவரியில் அழைத்தபோது வெஸலையும் சேர்த்து 81 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள். கியர் ஒழுங்காக விழாமல் வண்டி நகராமலே போகலாம் என்றார்கள். ஜூலையில் ஒரு இலட்சத்து 75 ஆயிரம். அந்தத் தடவை சொன்ன காரணம் இன்னும் பயங்கரம், வண்டி தன்பாட்டில் வேகமெடுக்கலாம் என்பது. ஒக்டோபரில் நாலே கால் இலட்சம் வண்டிகள். அது இக்னிஷன் கொயில் சம்பந்தப்பட்டது. வெட்கக்கேடு தாங்காமல் ஹொண்டாவின் அப்போதைய தலைவர் இதோ தகனோபு தன் சம்பளத்தில் 20 வீதத்தை மூன்று மாதத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். மற்றைய மேலதிகாரிகள் 12 பேர் 10 வீதம் கொடுத்தார்கள்.

ஜப்பானியப் பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி இது. இரகசியம் எதுவும் கிடையாது. ஆனால் அதே காலத்தில்தான் அந்த வண்டிகள் ஏலத்தில் எடுக்கப்பட்டு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் வந்து இறங்கின. நம் ஆட்கள் "புது மொடல்" என்று வரிசையில் நின்று வாங்கினார்கள்.

சரி, அந்த ரீகோல் நமக்கு ஏன் வந்து சேரவில்லை? இந்த இடத்தைத்தான் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஜப்பானில் கம்பெனி கடிதம் அனுப்புவது அந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளருக்கு. வண்டியை ஏற்றுமதி செய்யும்போது அந்தப் பதிவை இரத்துச் செய்துவிடுகிறார்கள். அத்தோடு கடிதம் போவதற்கு விலாசமே இல்லை. இங்கே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதுப் பெயரில், புது இலக்கத்தில் பதிகிறோம். அந்தப் பெயர் ஹொண்டாவுக்கும் தெரியாது, டொயோட்டாவுக்கும் தெரியாது. உள்ளூர் ஏஜென்டிடம் போனால் "இது நாங்கள் கொண்டுவந்த வண்டி இல்லையே" என்ற பதில் தயாராக இருக்கும். கொண்டுவந்த சேல்காரரோ விற்ற மறுநாளே அடுத்த கொண்டெய்னரில் கண் வைத்துவிடுவார். ஆக, கம்பெனி தானே ஒத்துக்கொண்ட குறை, திருத்துவதற்கு ஒரு சதமும் கேட்காத குறை, கடல் தாண்டியவுடன் நம் தலையில் விழுந்த கடனாக மாறிவிடுகிறது.

இது ஹொண்டாவுக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மூன்றாம் தலைமுறை பிரியஸ் எத்தனை வீட்டில் நிற்கிறது? 2014 பெப்ரவரியில் டொயோட்டா உலகம் முழுக்க 19 இலட்சம் பிரியஸ்களை அழைத்தது. மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வேர்டருக்குள் இருக்கும் சிறிய பாகங்கள் சூடேறிப் பழுதாகி, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிடலாம் என்பது காரணம். திருத்தத்தின் பெரும்பகுதி மென்பொருளை மாற்றுவதுதான். 2018 ஒக்டோபரில் மறுபடியும் 24 இலட்சம் ஹைபிரிட்கள். ஆபத்து வந்தால் மெதுவாக ஓடித் தப்பிக்கும் நிலைக்குப் போக வேண்டிய வண்டி, சில வேளை அதுவும் செய்யாமல் முற்றாகச் சக்தி இழந்துவிடுகிறது என்றார்கள். கடுகண்ணாவ ஏற்றத்தில், பின்னால் லொறி முட்ட முட்ட வரும்போது அப்படி நின்றால் என்ன ஆகும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

எங்களோடு படிப்பிக்கும் சேர் ஒருவருடைய கதை. மாதச் சம்பளத்தில் பாதி லீசிங்குக்கே போகிறது. 2014 ஃபிட். நெரிசலில் ஊர்ந்தால் கியர் சூடு என்று திரையில் எழுத்து வரும், வண்டி இழுத்து இழுத்துப் போகும். ஒரு கராஜில் கிளச் பெக் போட வேண்டும் என்று மூன்று மாதச் சம்பளத்தை வாங்கினார்கள். சில மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஒருநாள் இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் உட்கார்ந்து அவருடைய வாகனப் புத்தகத்தில் உள்ள சேசி நம்பரை ஹொண்டாவின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் ஜப்பான் மொழி. ஃபோனாலேயே மொழிபெயர்த்தோம். ரீகோல் ஒன்று "இன்னும் செய்யப்படவில்லை" என்று கிடந்தது. பத்து நிமிட வேலை! அந்தப் பத்து நிமிடத்தை விற்றவர் செலவழித்திருக்கலாம். இரண்டு இலட்சத்துக்கு மேல் பில் போட்ட கராஜ் செலவழித்திருக்கலாம்.

விபத்து நடந்தால் நம் ஊரில் இரண்டு பதில்தான். "சாரதி தூங்கிட்டார்" என்பது ஒன்று. "நஸீப்" என்பது மற்றது. கத்ரை நாமும் நம்புகிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு கத்ரைப் பேசுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது மத்ரஸா போன எல்லோருக்கும் தெரியும். ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்தபின் அந்த வண்டியின் இஞ்சினை யார் திறந்து பார்க்கிறார்கள்? பொலிஸ் முற்றத்தில் துருப்பிடித்து, பிறகு உதிரிப் பாகமாகப் போகிறது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 2004ல் ஒரு இளம் பெண் ஓட்டிய கார் மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த அவருடைய வருங்காலக் கணவர் இறந்தார். குற்றம் முழுவதும் அவர் மேல். அவரே ஒத்துக்கொண்டு தண்டனையும் பெற்றார். பத்து வருடம் கழித்து, 2014ல், ஜெனரல் மோட்டர்ஸ் கம்பெனியின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம் வெடித்தது. சாவியில் கொஞ்சம் பாரம் கூடினாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே இஞ்சின் நின்று, எயார்பேக்கும் வேலை செய்யாமல் போகும் குறை அது. கம்பெனிக்குள் அது பல வருடங்களுக்கு முன்பே தெரியும். சுவிட்சை இரகசியமாக மாற்றிவிட்டு, பாகத்தின் இலக்கத்தை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், கண்டுபிடிக்க முடியாதபடி. கம்பெனி அமைத்த நட்டஈட்டு நிதியே கடைசியில் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. அந்தப் பெண்ணையும் நீதிமன்றம் 2014 இறுதியில் குற்றத்திலிருந்து விடுவித்தது. பத்து வருடம் தன் மாப்பிள்ளையைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள்.

நம் நாட்டில் அப்படி எத்தனை சாரதிகள் தலை குனிந்து திரிகிறார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

ஜப்பான்காரன் நேர்மையானவன், அவனுடைய சாமான் பிழைக்காது என்று சொல்லும் நானாமாருக்கு ஒரு விசயம். மிட்சுபிஷி கம்பெனி வாடிக்கையாளர் முறைப்பாடுகளை இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு கோப்பாக வைத்திருந்தது: அதிகாரிகளுக்குக் காட்ட ஒன்று, ஒளிக்க ஒன்று. 2000ல் உள்ளே இருந்த ஒருவர் தகவல் கொடுத்ததால் பிடிபட்டார்கள். அப்போதும் முழுவதையும் சொல்லவில்லை. 2002ல் யமகுச்சி மாகாணத்தில் அவர்களுடைய லொறி ஒன்றின் கிளச் வீடு வெடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று, பிரேக் குழாயையும் அறுத்துவிட்டது. சாரதி மௌத். 2008ல் கம்பெனியின் முன்னாள் தலைவர் கவசோயே கட்சுஹிகோவை யோகோஹாமா நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது, அது வேறு கதை. ஜப்பானில் வண்டிகள் ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் இப்படிப் பின்னால் நின்று பிடிக்கும் அமைச்சும், வழக்கும், வெட்கமும். வண்டி மட்டும்தான் கப்பலில் வருகிறது. அந்த மூன்றும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

நம் கராஜ் பாஸ்மாரையும் ஒரு சொல். எந்த வண்டியில் எது தொடர்ந்து போகிறது என்பது இந்த நாட்டில் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு இடம் இல்லை. ஹியுண்டாய் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த கிம் குவாங்-ஹோ என்ற பொறியியலாளர், இஞ்சின்கள் இறுகிப்போகும் குறையைக் கம்பெனி சரியாக வெளியிடவில்லை என்று 2016ல் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு ஆவணங்களோடு போய்ச் சொன்னார். வேலை போனது. ஆனால் ஹியுண்டாயும் கியாவும் 2020ல் 21 கோடி டொலர் தண்டத்துக்கு உடன்பட வேண்டி வந்தது, அடுத்த வருடம் அவருக்கு இரண்டு கோடி 40 இலட்சம் டொலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. நம் பாஸ் ஒருவர் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் யாரிடம் போவார்? வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குக் காசு வாங்குகிறார்கள். புகை அளக்கிறார்கள், சரி. கியர் பெட்டியையோ ரீகோலையோ அங்கே யாரும் கேட்பதில்லை.

"பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து வருடம். அதனால்தான் 2014 வண்டி இன்றும் கை மாறிக்கொண்டிருக்கிறது, வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு. நாலாவது ஐந்தாவது ஓனரிடம் இருக்கிறது. இப்போது திறந்த கதவால் புதிது புதிதாக வந்து இறங்குபவற்றிலும் இதே ஓட்டை அப்படியே இருக்கிறது.

சேல் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு நேரடியாகவே சொல்கிறோம். பொருளில் ஐபு இருந்தால் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதை உங்களுக்கு நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. ஜும்ஆவுக்கு முன் வரிசையில் நிற்பவர்கள் நீங்கள். "எனக்குத் தெரியாது" என்பது ஒரு காலத்தில் காரணமாக இருந்திருக்கலாம். சேசி நம்பரைப் போட்டால் வரும் தகவலைத் தேடாமல் இருப்பது தெரியாமல் இருப்பது ஆகாது. ஒக்ஷன் ஷீட்டைப் பிரேம் போடாத குறையாகக் காட்டுகிறீர்களே, அதோடு ரீகோல் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். "செய்து முடிந்தது" என்று இருந்தால் உங்கள் வண்டிக்குத்தான் விலை கூடும். "செய்யவில்லை" என்று இருந்தால், செய்து தாருங்கள், அல்லது அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. பயன்படுத்திய வாகனத்துக்குக் கப்பல் ஏறுமுன் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறீர்கள்தானே. அதில் ஒரு வரி சேருங்கள்: திறந்த ரீகோல் எதுவும் இல்லை. அந்த வரி இல்லாத வண்டியைப் பதியாதீர்கள். ஏற்கனவே இங்கே ஓடுபவற்றுக்கு, இவ்வளவு வரி வாங்கும் நாடு கம்பெனிகளோடும் ஏஜென்டுகளோடும் உட்கார்ந்து பேச முடியாதா? சேசி நம்பர் பட்டியல் திணைக்களத்தின் கணினியில் இருக்கிறது. ரீகோல் பட்டியல் ஜப்பானில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்க்க ஏ.எல். படிக்கும் நம் பிள்ளைகளே போதும்.

அதுவரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வாகனப் புத்தகத்தை எடுங்கள். சேசி நம்பர் ஜீபீ 5, ஆர்யூ 3 என்று ஏதோவொன்றில் தொடங்கி, ஒரு கோடு போட்டு, பின்னால் ஏழு இலக்கம் இருக்கும். உங்கள் கம்பெனியின் ஜப்பான் இணையத்தளத்தில் ரீகோல் தேடும் பகுதியில் அதை இடுங்கள். விளங்காவிட்டால் நம்பரை இன்பொக்ஸில் அனுப்புங்கள், பகிரங்கமாகப் போட வேண்டாம். பாடசாலை விட்டு வந்து, அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறோம். பாடசாலை வான் ஓட்டும் காக்காமார் முதலில் அனுப்புங்கள். உங்கள் வண்டியில்தான் ஒரே தடவையில் பதினைந்து பிள்ளைகள் ஏறுகிறார்கள்.