எத்தனையாவது ஐ-7?

ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் எதிர் கடையானாலும் சரி, 'கேமிங் பிசி' என்று ஒரு வஸ்து விற்கிறார்கள். ஐ-7 ப்ராஸஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கண்ணாடிக் கதவு, உள்ளே அம்மன் கோயில் திருவிழா போல சீரியல் லைட். விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவு. பையன் சட்டையைப் பிடித்து இழுக்க, அப்பா '3-ஐ விட 7 பெரிசுதானே' என்று சீட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்.

அந்தக் கணக்கில்தான் மோசடி. ஐ-7 என்பது வெறும் குடும்பப் பெயர். வந்திருப்பது தாத்தாவா, பேரனா என்று கேட்க வேண்டாமா? 2011-ல் வந்த 2600-ம் ஐ-7தான். 2022-ல் வந்த எளிய ஐ-3 12100 அதை அநாயாசமாக முந்திவிடும்.

அடுத்தது '4 ஜிபி'. பெரும்பாலும் 2014-ல் அறிமுகமான ஜிடி 730 ரகம். அதன் டிடிஆர்-3 மெமரி விநாடிக்கு 28.8 ஜிபிக்கு மேல் கடத்தாது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 224 ஜிபி கடத்தும். டேங்க் பெரிசு, குழாய் ஒல்லி. கேம் நொண்டாமல் என்ன செய்யும்?

மூன்றாவது, யாருமே கேட்காத எஸ்எம்பிஎஸ். ஸ்டிக்கரில் '500 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள். 18 என்றால் 216 வாட்ஸ்தான். மேற்சொன்ன 6600 கார்டு 132 வாட்ஸ் கேட்கும். ஐ-3 முழு மூச்சில் 89. ஆயிற்றா, 221! நடு ஆட்டத்தில் கம்ப்யூட்டர் அணையும். மட்டமான சப்ளை என்றால் போகிற போக்கில் கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

"இந்த விலைக்கு இதுதான் சார் வரும்" என்பார் கடைக்காரர். வரட்டும். பழசு விற்பது பாவமில்லை. பழசு என்று சொல்லி விற்கலாமே! 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போய் ராம் விலை எகிறியதிலிருந்து இந்தச் சபலம் கூடியிருக்கிறது.

காசு கம்மியா? கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற ரைசன் 5600ஜி, ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 ஜிபி ராம், பெயருள்ள ஒரு எஸ்எம்பிஎஸ் போதும். வேலரண்ட் நன்றாகவே ஓடும். கார்டை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம். தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதன் சௌகரியமே அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் நம்பர், ஜிஎஸ்டி பில்லில். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று இழுத்தால், படி இறங்கிவிடுங்கள்.

கால் கிலோ வெண்டைக்காய்க்கு நுனி ஒடித்துப் பார்க்கிற ஜனங்கள் நாம்.