தள்ளாடுகிறாரா? முதலில் சர்க்கரை கொடுங்கள்!

அருமனைப் பக்கத்தில் பொழுது விடியும் முன்பே ரப்பர் தோட்டங்களில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். அதனால் வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போகிறவர்கள் உண்டு.

அவர்களில் ஒருவர் சர்க்கரை வியாதிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை போட்டுக்கொண்டார். சாப்பாடு அப்புறம் என்று கிளம்பிவிட்டார். வேலை முடிந்து வரும்போது கால் தள்ளாடுகிறது. நாக்குக் குழறுகிறது. கேட்டால் எரிந்து விழுகிறார். பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள்?

"விடியும் முன்னே குடிச்சாச்சு போலிருக்கு!"

குடி அல்ல அது. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துவிட்டது!

சர்க்கரை வியாதி என்றால் சர்க்கரை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். இறங்கவும் இறங்கும். இன்சுலின் ஊசியும், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் சர்க்கரையை இறக்குகின்றன. சாப்பாடு தவறினால், உழைப்பு மிகுந்தால் அளவு மீறி இறங்கிவிடும்.

இன்சுலினைக் கண்டுபிடித்தபோதே இது தெரிந்துவிட்டது. 1921-22-ல் கனடாவின் டொரண்டோ நகரத்தில் முயல்களுக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். அளவு மிகுந்ததும் முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் கொடுத்ததும் எழுந்துவிட்டன!

அடையாளங்கள் என்ன? குப்பென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கோரப் பசி, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம். சோதித்தால் 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்.

உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் செய்யுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் உண்மையிலேயே குடித்திருந்தால்? அப்போதும் நஷ்டமில்லை. வெறும் வயிற்றில் குடித்தாலும் சர்க்கரை தாழும். கொடுத்துத் தவறுவதில் பெரிய கேடு இல்லை. கொடுக்காமல் தவறினால் உயிரே போகலாம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை வியாதி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல காரியம். அதோடு இந்தப் பாடமும் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும். மாத்திரை போடுகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் டீக்கடைக்காரருக்கும் தெரிய வேண்டும். ஏனென்றால், சர்க்கரை தாழ்ந்தவருக்குத் தன் நிலை தனக்கே புரியாமல் போகலாம்.

வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். பார்க்கிறவர் மனத்தில் கொஞ்சம் இரக்கம் இருக்கட்டும்.

பழி சொல்லும் முன்னே பொட்டலத்தைப் பிரியுங்கள்!