ஆயிரம் மெகாபிட்டும் ஆனேக்கல் வீடும்

ஆனேக்கல்லில் குடியிருக்கும் என் மைத்துனர், சென்ற ஆண்டு தம் வீட்டு இணைய இணைப்பை வினாடிக்கு 100 மெகாபிட்டிலிருந்து 1000 மெகாபிட்டாக உயர்த்திக்கொண்டார். மாதச் சந்தா ஏறியது, வேகம் ஏறவில்லை. கணிப்பொறியில் எத்தனை முறை சோதித்தாலும் வந்த எண் 94. தாம் ஏமாற்றப்பட்டதாக முடிவுகட்டிய அவர், மூன்று முறை புகார் செய்தார். மூன்று முறையும் வந்த இளைஞர் கண்ணாடி இழையில் வரும் ஒளியின் அளவைப் பார்த்து, தம் பக்கம் குற்றமில்லை என்று கூறிச் சென்றார். புகார்கள் மட்டும் அவர் பெயரிலேயே ஏறின. விந்தை யாதெனில், அவர் கூறியது முற்றும் உண்மை. 1000 மெகாபிட்டும் வீட்டு வாசல்வரை பழுதின்றி வந்துகொண்டுதான் இருந்தது.

94 என்னும் எண்ணே நோய் இன்னதென்று சொல்லிவிடுகிறது. கம்பி வழியே செல்லும் ஒவ்வொரு செய்தித் துண்டுடனும் முகவரி முதலிய குறிப்புகள் சேர்ந்து செல்வதால், வேகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு அவற்றிற்கே செலவாகிறது. ஆகவே 1000 மெகாபிட் வழியில் 940 அளவும், 100 மெகாபிட் வழியில் 94 அளவுமே பயனாளிக்குக் கிட்டும். 94 என்று கண்டால், எங்கோ ஓரிடத்தில் 100 மெகாபிட் வாயில் ஒன்று குறுக்கே நிற்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் கம்பியையே நான் சந்தேகித்தேன். ஈதர்நெட் கம்பியினுள் எட்டு இழைகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1999-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கிகாபிட் முறைக்கோ நான்கும் வேண்டும். ஓர் இழை முறிந்திருந்தாலும், இரு முனைக் கருவிகளும் பெரும்பாலும் 100-க்கு இறங்கி, ஒன்றும் நடவாததுபோல் வேலை செய்துகொண்டிருக்கும். விளக்கு எரியும், படம் ஓடும். குறையை யார் அறிவார்? கம்பியை மாற்றினோம். மீண்டும் 94.

பிறகு ரௌட்டரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி இழை வந்து முடியும் பெட்டியிலேயே கணிப்பொறியை நேராக இணைத்தோம். 938 வந்தது. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் அந்த இளைஞருக்கு இரண்டு நடை மிஞ்சியிருக்கும்.

குற்றவாளி ரௌட்டர்தான். அதன் அட்டைப்பெட்டியின் மேல் 1200 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அஃது இரண்டு கம்பியில்லா அலைவரிசைகளின் உச்ச வேகங்களாகிய 300-ஐயும் 867-ஐயும் கூட்டி, மேலே சிறிது சேர்த்து முழுமையாக்கிய எண். அவ்விரண்டையும் ஒரு கைப்பேசி ஒரே சமயத்தில் பயன்படுத்துவது அரிது. அதைவிட வேடிக்கை, அதே பெட்டியின் பின்புறத்துக் கம்பி வாயில்கள் அனைத்தும் 100 மெகாபிட்டுக்கு உரியவை. இணையம் அந்த வாயில் வழியாகவே உள்ளே வரவேண்டும். இத்தகைய ரௌட்டர்கள் நம் கடைகளில் தாராளமாக விற்கின்றன. பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் உண்மை சிறிய எழுத்தில் அடிப்புறத்தில் இருக்கிறது.

கிகாபிட் வாயில்கள் கொண்ட புதிய ரௌட்டர் வந்தபின் கம்பியில் 940 கிடைத்தது. மாடி அறையிலிருந்த கைப்பேசியிலோ அறுபதைத் தாண்டவில்லை. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பற்றிக்கொண்டிருந்தது. ஒன்றோடொன்று மோதாத வழிகள் அதில் மூன்றே. அண்டை வீடுகள் யாவும் அவற்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. மத்திய அரசு 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. வழி அங்கே விசாலம். ஆனால் கான்கிரீட் சுவரைக் கடக்கையில் அந்த அலை பெரிதும் வலுவிழக்கும். ரௌட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்து மாடிப்படி அருகே உயரத்தில் வைத்ததும், கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 300-க்கு மேல் வந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட விரும்புகிறேன். விளம்பரங்களில் '1000 மெகாபிட் வரை' என்று இருக்கும். அந்த 'வரை' மிகச் சிறிய சொல்; ஆனால் பொறுப்பு முழுவதையும் வாங்குபவர் தலையில் இறக்கிவைப்பது அதுவே. எதுவரை? வாசல் வரையா, மேசை வரையா, மாடி அறை வரையா? மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு என்பதும் பலருக்கு விளக்கப்படுவதில்லை. எட்டுப் பிட் ஒரு பைட். 1000 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 125 மெகாபைட்டுக்குமேல் ஒரு கோப்பு இறங்காது.

குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மின்சிக்கன நட்சத்திர முத்திரை 2006-இல் அறிமுகமாயிற்று. இன்று படிப்பறிவு குறைந்தவர்களும் நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து வாங்குகின்றனர். ரௌட்டர் பெட்டியின் முகப்பிலும், கம்பி வாயிலின் வேகத்தை மற்ற எண்களுக்குச் சமமான எழுத்தில், அந்தந்த வட்டார மொழியில் அச்சிடுமாறு விதித்தல் வேண்டும் என்பது என் கருத்து. கிகாபிட் சந்தாவை விற்பவரும், பணம் பெறுமுன் வீட்டிலுள்ள கருவியைப் பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டவராக வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

மைத்துனர் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு படங்களும் ஓர் அலுவலகக் கூட்டமும் நடந்தாலும் நூறு மெகாபிட்டுக்குமேல் செலவாவதில்லை என்று கண்டோம். அவர் இப்போது 300 மெகாபிட் சந்தாவுக்கு இறங்கிவிட்டார்; புதிய ரௌட்டரை மட்டும் வைத்துக்கொண்டார்.