கேஸ் தீர்ந்துபோச்சு சார்!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி என்பது ஒரு காரணம். எழுத ஒண்ணும் தோணலை என்பது உண்மையான காரணம் :-) போன வாரம் அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணி ஒரு மணி நேரம் புலம்பினான். அதைக் கேட்டதும் பெரம்பலூர் வீட்டு ஃப்ரிஜ் ஞாபகம் வந்து தானா கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

அவன் கதை இதுதான். செகண்ட் ஹேண்டில் ஒரு மோட்டார் ஹோம் வாங்கியிருக்கான். நம்மூர் சினிமாக்காரங்க கேரவன் மாதிரி படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள வண்டி. அதில் இருக்கும் ஃப்ரிஜ்ஜில் கம்ப்ரசரே கிடையாது. சிலிண்டர் கேஸ் நெருப்பிலேயோ கரண்ட் சூட்டிலேயோ ஓடும். நெருப்பை வெச்சு ஐஸ் கட்டி பண்றது! 1922-ல் பிளாட்டன், முன்டர்ஸ் என்று ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வித்தை. குழாய்க்குள்ளே அம்மோனியா, தண்ணி, ஹைட்ரஜன் மூன்றும் சுத்திச் சுத்தி வரும். துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மஞ்சள் உப்பும் போட்டிருப்பாங்க. அந்தக் குழாய்தான் லீக். வண்டிக்குள்ளே மூக்கைத் துளைக்கிற நாத்தம், பின்பக்கம் மஞ்சள் பொடி. மெக்கானிக் வந்து, "இதுல கேஸ் ரொப்புற வேலையெல்லாம் ஆகாது, கூலிங் யூனிட்டை மொத்தமா மாத்தணும்"னு சொல்லிட்டாராம். செலவைக் கேட்டுத் தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டான்.

நான் சொன்னேன், "டேய், நீ கொடுத்து வெச்சவன்டா. உன் ஃப்ரிஜ் லீக் ஆனா நாறுது. எங்க ஃப்ரிஜ் நாறவே இல்லை."

இப்ப நம்ம கதை. அப்பாவும் அம்மாவும் பெரம்பலூரில், துறைமங்கலம் பக்கம். அப்பாவுக்கு சர்க்கரை, ரெண்டு வேளை இன்சுலின். ஃப்ரிஜ் கதவுத் தட்டில் தக்காளிக்கும் மோர் டம்ளருக்கும் நடுவில் மருந்து பாட்டில் உட்கார்ந்திருக்கும். போன வருஷம் பங்குனியில் ஃப்ரிஜ் சரியா கூல் ஆகலைன்னு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. பின்னாடி கையை வெச்சுப் பார்த்துட்டு, "கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சுட்டா சரியாயிடும்" என்றார். அடிச்சார். சரியாச்சு. வைகாசியில் மறுபடியும் அதே கதை. வேற ஆள், அதே வசனம். ஆடியில் மூணாவது தடவை.

மூணு தடவையும் ஏறக்குறைய ரெண்டாயிரம் ரூபா. பணம் போனா போகட்டும். ஆவணியில் அப்பாவின் சர்க்கரை எகிறிடுச்சு. டாக்டர் டோஸைக் கூட்டலை. "இன்சுலினை எங்கே வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார். ஃப்ரிஜ்ஜில்தான் என்று அப்பா ரோஷமா சொன்னார். "ஃப்ரிஜ் எத்தனை டிகிரியில இருக்கு?" அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்லை. அந்த வாரம் ஊருக்குப் போனப்போ ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வெச்சேன். 17 டிகிரி! பிரிக்காத இன்சுலின் இருக்க வேண்டியது 2-லிருந்து 8-க்குள். கையை விட்டுப் பார்த்தா ஜில்லுன்னுதான் இருந்தது. வெளியே வெயில் 38-ல் கொளுத்தும்போது 17-ம் ஜில்லுன்னுதானே இருக்கும்?

அரியலூரில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்காரர் ஒரு பெரியவரை அனுப்பி வெச்சார். சிமெண்ட் ஆலை கேன்டீனில் பல வருஷம் குளிர்சாதன வேலை பார்த்தவராம். பஸ் ஏறி வந்தார். கேஸ் சிலிண்டரே கொண்டு வரலை. சோப்புத் தண்ணி, ஒரு பிரஷ், ஒரு டார்ச் லைட்.

"ஐயா, லீக் எங்கன்னு தெரியாம நான் கேஸ் அடிக்க மாட்டேன். பார்க்கறதுக்கு எண்ணூறு ஆகும்."

அப்பாவுக்கு வந்ததே கோவம். "பார்க்கறதுக்கே எண்ணூறா? அவனுங்க வந்து கேஸே அடிச்சுக் கொடுத்தானுங்க!"

பெரியவர் சிரிச்சுக்கிட்டே கேட்டார், "உடம்புல ரத்தம் குறைஞ்சுகிட்டே இருக்கு. எங்க காயம்னு பார்க்காம ரத்தம் ஏத்திக்கிட்டே இருப்பீங்களாய்யா?"

அரை மணி நேரம் டார்ச்சை அடிச்சுப் பார்த்தார். பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு குழாய் ஜாயின்ட்டில் லேசா எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கசியும்போது கம்ப்ரசர் ஆயிலும் கூடவே கொஞ்சம் கசியுமாம். அங்கே சோப்புத் தண்ணி வெச்சதும் மெதுவா ஒரு குமிழி, அப்புறம் இன்னொண்ணு. "இந்த எண்ணெய் முன்னாடியே இருந்திருக்கணுமே தம்பி?" என்று என்னைப் பார்த்தார். அம்மா தயங்கித் தயங்கி, "தாளிக்கிற பிசுக்குன்னு நெனச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான்தான் தொடைச்சுடுவேன்" என்றாங்க. தடயத்தை வாராவாரம் எங்க வீட்டிலேயே அழிச்சிருக்கோம் :-)

மிச்சமிருந்ததை வெளியேத்தி, ஜாயின்ட்டை வெல்டு வெச்சு, ஃபில்டரை மாத்தி, நைட்ரஜன் ஏத்தி மறுபடி லீக் பார்த்து, வாக்வம் போட்டு, கடைசியாத்தான் கேஸ். முழுசா ஒரு நாள் வேலை. ஒரு வருஷம் ஓடிடுச்சு, இன்னும் 4 டிகிரியில் நிக்குது.

இனி என் கருத்து. திட்டுறவங்க திட்டலாம்.

ஃப்ரிஜ் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ந்துபோற பொருள் இல்லை. அடைச்சு வெச்ச குழாய்க்குள்ளே அதே கேஸ்தான் திரவமாகி, ஆவியாகி, சுத்திச் சுத்தி வருது. அது குறைஞ்சா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். "தீர்ந்துபோச்சு" என்பது பொய். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிக்கிறது ஓட்டைக் குடத்தில் தண்ணி மொள்ளுற வேலை.

அந்தத் தண்ணி போய்ச் சேருற இடமும் சாதாரணம் இல்லை. பழைய ஆர் 12 ஓசோனை அரிக்குதுன்னு 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் வந்த ஆர் 134ஏ ஓசோனை ஒண்ணும் பண்ணாது, ஆனா பூமியைச் சூடாக்குறதில் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு. ஒரு தடவைக்கு 100 கிராம்னு வெச்சுக்கிட்டாலே, அறுபது லிட்டர் பெட்ரோலை எரிச்ச கணக்கு. நாங்க மூணு தடவை விட்டிருக்கோம். இப்ப வர்ற வீட்டு ஃப்ரிஜ் பலதில் ஆர் 600ஏ. அதனால் சூடேறுறது ரொம்பக் கம்மி, ஆனா தீப்பிடிக்கிற கேஸ். அதை உள்ளே வெச்சுக்கிட்டே ஒருத்தர் வெல்டிங் டார்ச்சைப் பத்த வெச்சா வாசலுக்கு ஓடிடுங்க. ஃப்ரிஜ் பின்னாடி ஸ்டிக்கரில் எந்த கேஸ்னு போட்டிருக்கும். அதைத்தான் அடிக்கணும்.

ஆனா இதுக்கு மெக்கானிக்கை மட்டும் திட்ட எனக்கு மனசு வரலை. "பார்க்கறதுக்கு எண்ணூறா"ன்னு கத்தினது யாரு? எங்கப்பா. அவர் பக்கத்தில் வாயை மூடிக்கிட்டு நின்னது நான். நாம பொருளுக்குக் காசு கொடுப்போம், உழைப்புக்குக் கொடுப்போம். ஒருத்தர் யோசிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்குக் கொடுக்க மட்டும் கை வராது. சோப்புத் தண்ணியோட அரை நாள் உட்கார்ந்து தேடுறவருக்கு நூறு ரூபா நீட்டுவோம், பத்து நிமிஷத்தில் கேஸ் அடிக்கிறவருக்கு ரெண்டாயிரம் எண்ணி வைப்போம். அப்புறம் அவர் தேடுவாரா, அடிப்பாரா? அந்தப் பொய்யை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நாமதான்.

அதனால அடுத்த தடவை கேஸ் தீர்ந்துபோச்சுன்னு யாராவது சொன்னா, "எங்கே லீக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குக் கூலி கேட்டா பேரம் பேசாமல் கொடுங்க. வீட்டில் இன்சுலின் இருந்தா உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும், கையை நம்பாதீங்க.

அப்பா இப்போ தினமும் காலையில் காபிக்கு முன்னாடி ஃப்ரிஜ்ஜைத் திறந்து டிகிரி பார்த்துட்டு காலண்டரில் குறிச்சு வைக்கிறார். சர்க்கரையைக் கூட இவ்வளவு ஒழுங்காப் பார்க்க மாட்டேங்கறார்.

டிஸ்கி: அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை ஃப்ரிஜ் பின்பக்கம் தொடைக்கிறாங்க. ஆனா தொடைச்சுட்டு துணியை ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறாங்க. தாளிச்ச எண்ணெயா, மெஷின் எண்ணெயான்னு.