பூச்சி மருந்து போதாது

தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்று மருந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. ஆனால், பல்கலைக்கழக விடுதியில் அந்த நறநறவென்ற சத்தத்தைத் தேர்வுக் காலத்தில்தான் நான் அதிகம் கேட்கிறேன். மன அழுத்தம், அளவுக்கு மீறிய காப்பி, புகைப்பழக்கம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்புண்டு என்கின்றனர் மருத்துவர்கள். காலையில் தாடை வலி, தலைவலி, பல் கூச்சம் இருந்தால் அலட்சியம் வேண்டாம். தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளராது. பல் மருத்துவர் தரும் இரவு உறை பல்லைக் காக்கும், காரணத்தைப் போக்காது. கடிப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே, அறை நண்பரைக் கேலி செய்யாமல் பக்குவமாக எடுத்துச் சொல்வோம். பல் மருத்துவரிடம் அனுப்பி வைப்போம்.