கடன் கொடுத்துக் கெட்ட அரசு

கடன் வாங்கிக் கெட்ட குடும்பங்கள் பலவற்றை நாம் அறிவோம். கடன் கொடுத்தும் நாட்டை இழந்த அரசு ஒன்று உண்டெனின், வாசகர்கள் வியப்புறுதல் கூடும். வட இந்தியாவிலே, இலக்னோ நகரிற் கோலோச்சிய அவத் நவாப்களின் அரசே அது.

1722ஆம் ஆண்டில், பாரசீகத்து நிஷாப்பூரிலிருந்து வந்த சாதத்கான் என்பார் மொகலாயச் சக்கரவர்த்தியால் அவத்தின் சுபேதாராக நியமிக்கப்பட்டார். டில்லியின் வலி குன்றக் குன்ற, அவர் வழிவந்தோர் தனியாட்சி செலுத்தலாயினர். 1784இல் பஞ்சம் வாட்டியபோது, நவாப் ஆசபுத்தௌலா 'பெரிய இமாம்பாரா' என்னும் மாபெரும் மண்டபத்தை எழுப்பத் தொடங்கி, பசித்தோர்க்கு வேலையும் கூலியும் அளித்தார் என்பர்.

ஆயினும், அதற்கு முன்னரே கேட்டின் வித்து விழுந்துவிட்டது. 1764இல் பக்சார்ப் போரில் ஆங்கிலக் கம்பனியிடம் தோற்ற நவாப் சுஜாவுத்தௌலா, மறுவருடம் 50 இலட்சம் ரூபா தண்டம் இறுக்க இசைந்தார். நாட்டைக் காப்பதற்கென்று கம்பனியின் படை வந்து தங்கியது; அதன் செலவோ நவாபின் தலையில் ஏறியது. செலவு வளர்ந்தது, பாக்கியும் வளர்ந்தது. 1801இல் அக்கணக்கைத் தீர்ப்பதாகச் சொல்லி, நாட்டின் ஏறத்தாழப் பாதியைக் கம்பனி எடுத்துக்கொண்டது.

எஞ்சிய பாதியிலும் செல்வம் இருந்தது. 1814இல் நேபாளப் போர் மூண்டபோது நவாப் காசியுத்தீன் ஹைதர் கம்பனிக்கு ஒரு கோடி ரூபா கடன் கொடுத்தார். பின்னர் மேலும் ஒரு கோடி கொடுத்தார். 1819இல் கம்பனியின் ஆதரவோடு 'அரசர்' என முடிசூடினார். முடி அவரிடத்தில் இருந்தது. பிடி ஆங்கில ரெசிடெண்டிடம் இருந்தது.

1856 பெப்ரவரியில், ஆட்சி சீர்கெட்டதெனக் காரணங்காட்டி, தல்ஹௌசிப் பிரபு அவத்தைக் கம்பனியாட்சியுடன் இணைத்தார். கவியும் இசைவாணருமாகிய அரசர் வாஜித் அலி ஷா, தம் தலைப்பாகையைக் கழற்றி ரெசிடெண்டின் கையில் வைத்தார். ஆனால் ஒப்பந்தத்திற் கையொப்பமிட மறுத்தார். நீதி கேட்டு இங்கிலாந்து சென்ற அவர் அன்னையார், 1858இல் பாரிஸ் நகரிற் காலமானார். 1857இல் எழுந்த கிளர்ச்சியில், இலக்னோவில் தங்கியிருந்த பேகம் ஹஸ்ரத் மஹால் தம் இளம் புதல்வனை அரியணையேற்றிப் போராடினார். தோல்வியின் பின் நேபாளம் புகுந்து, 1879இல் அங்கேயே மறைந்தார். அரசரும் 1887இல் கல்கத்தாவிற் கண்மூடினார்.

அவத் ஆட்சியிற் குறையே இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால், படையையும் பணத்தையும் தன் கைப்படுத்திக்கொண்டு, பொறுப்பை மட்டும் அரசர்க்கு விட்டுவைத்தவர் எவர்? ஆளும் வலியைப் பறித்தவரே, ஆளத் தெரியவில்லையென்று தீர்ப்பும் அளித்தனர்!

கம்பனி அன்று வாங்கிய கடனுக்கான வட்டி, 'வசீக்கா' என்னும் உபகாரச் சம்பளமாக அரச குடும்பத்தாரின் வழித்தோன்றல்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. 1947இல் இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் அது நின்றுவிடவில்லை. தலைமுறைதோறும் பங்குபட்டுப் பங்குபட்டு, பலருக்கு அது சில ரூபாயாகச் சுருங்கிற்று. முடி போயிற்று, கம்பனியும் போயிற்று. கணக்கேடு மாத்திரம் எஞ்சியது.