வயிற்றுப் போக்கும் தலைவிதியும்

போளூரில் தறி நெய்யும் வாலிபன் ஒருவன் மாதக்கணக்கில் வயிற்றுப் போக்கும் வலியும் கண்டு எலும்பும் தோலுமாகிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் மக்கள் செய்வது என்ன? ஒருவர் செய்வினை என்பார். ஒருவர் பூர்வ ஜன்ம கர்மம் என்பார். மற்றொருவர் ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்லுவார். தாயத்துக்கும் பொங்கலுக்கும் கடன் வாங்கின பிறகு, மிச்சமிருக்கும் உயிரைத்தான் வைத்தியரிடம் கொண்டுபோவார்கள்.

இப்படி மெலிவிக்கும் வியாதிகளில் ஒன்று சிறுகுடலில் உண்டாகும் ஒருவகை நிணநீர்ப் புற்று. அபூர்வமானதுதான். ஆனால் அது யாரைப் பிடிக்கிறது என்று பார்த்தால் நமக்கு ஆத்திரமே வருகிறது. மத்தியதரைக் கடலோரத்திலும், மேற்கு ஆசியாவிலும், ஆப்பிரிக்காவிலும், நம் நாட்டிலும், நல்ல தண்ணீரும் கக்கூசும் இல்லாத ஏழைகளை, அதிலும் பெரும்பாலும் வாலிபர்களையே பிடிக்கிறது. பணக்காரர்களெல்லாம் பூர்வ ஜன்மத்தில் புண்ணியம் செய்தவர்களோ?

1968-ல் பாரிசில் செலிக்மன் என்பவரும் கூட்டாளிகளும் இந்நோயில் இரத்தத்தில் காணும் குறைபட்ட ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். 2004-ல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் நோயாளிகளின் குடலில் காம்பைலோபாக்டர் என்னும் கிருமியைக் கண்டார்கள். அசுத்தத் தண்ணீரிலும் அரைவேக்காட்டு இறைச்சியிலும் வரும் கிருமி அது. அதனோடு ஓயாமல் போராடப் பெருகும் அணுக்களே பிறகு அடங்காமல் பெருகிப் புற்றாகின்றன என்று கருதுகிறார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது காலம். ஆரம்பத்திலே கண்டுபிடித்தால், டெட்ராசைக்ளின் என்னும் சாதாரணக் கிருமிக்கொல்லி மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தே பலருக்கு நோய் தணிந்திருக்கிறது. முற்றிவிட்டாலோ, புற்றுக்குரிய கடும் மருந்துகள்தான். அப்போதும் பிழைப்பது நிச்சயமில்லை. நேர்த்திக்கடனில் போகிற ஆறு மாதம் இந்த ஆரம்ப காலந்தான்.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. குடல் காசநோயும் இதேபோல் தோன்றும். விரல் நுனிகள் உருண்டு வீங்குவது ஓர் அடையாளம். ஆனால் வேறு நோய்களிலும் அப்படி வீங்குவதுண்டு. ஆகையால் வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் துணுக்கெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாகவேண்டும்.

இதற்குச் சீமைக்குப் போகவேண்டியதில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியின் வைத்தியர்களே தென்னிந்திய நோயாளிகளை ஆராய்ந்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். அங்கே ஜெபமும் நடக்கிறதே என்று சிலர் நம்மைக் கேலி செய்யலாம். நடக்கட்டும், ஜெபத்தால் குணமாகுமென்றால் அவர்கள் மைக்ராஸ்கோப் வாங்கியிருக்கமாட்டார்கள். நாம் போகச் சொல்வது மைக்ராஸ்கோப்பிடந்தான்.

போளூரில் ரயிலேறினால் வேலூர். ரயில் சார்ஜுக்குப் பணமில்லை என்று சொல்லும் தோழர்களைக் கேட்கிறோம்: தாயத்துக்குக் கடன் கொடுத்தவர் இதற்குக் கொடுக்கமாட்டாரா?